வரப்பில் தொங்கும் தட்டு

போன வருஷம் பள்ளிக்கூடத்தில் பின்னம் நடத்தியபோது நான் வயல் பரண்மேல் நின்று குருவி விரட்டக் கத்திக்கொண்டிருந்தேன். அதனால் அரையையும் காலையும் கண்டால் எனக்கு இன்னும் கொஞ்சம் பயம்தான்.

எங்கள் ஊரில் குளிர் வந்தால் சோளம் பால் பிடிக்கும். உடனே குருவிகள் கூட்டமாக வந்து இறங்கிவிடும். அப்பாவும், அவ்வா என்று நான் கூப்பிடும் அம்மாவும் கூலிக்குக் கரும்பு வெட்டப் போயாக வேண்டும். வீட்டில் மிச்சம் இருப்பது நீலவ்வா, அதாவது நான். இருபது நாள் பரண்மேல் நின்று கவண் சுற்ற வேண்டும். சோளம் போனால் வருஷம் முழுக்க ரொட்டி இல்லை.

இந்த வருஷம் எனக்கு ஒரு யோசனை வந்தது. சைக்கிள் கடை மக்தும் மாமாவின் கடைக்குப் பின்னால், மோட்டார் கருகிப்போன ஃபேன் ஒன்று கிடந்தது.

"மாமா, அந்த ஃபேன் இறக்கை காத்துல சுத்துமா?"

"சுத்தும். ஏன், உன் கல்யாணத்துக்குச் சீரா வேணுமா?"

"குருவி ஓட்டணும் மாமா. நான் ஸ்கூலுக்குப் போகணும்."

மாமா சிரிப்பதை நிறுத்திவிட்டு ஸ்பேனரை எடுத்தார். இறக்கையைப் பழைய சைக்கிள் சக்கரத்தின் அச்சில் பொருத்தினார். அச்சின் பின்பக்கம் இரண்டு துண்டு சங்கிலியைத் தொங்கவிட்டார். காற்றடித்தால் இறக்கை சுற்றும், கூடவே சங்கிலியும் சுற்றும்.

"இனி சங்கிலி அடிக்க ஒரு தட்டு வேணும். நல்லா சத்தம் வர்றதா கொண்டா."

நான் வீட்டுக்கு ஓடினேன். ஒவ்வொரு தட்டாகக் கரண்டியால் தட்டிப் பார்த்தேன். கடைசியாக இருந்த பெரிய எவர்சில்வர் தட்டு கோயில் மணிபோல ஒலித்தது. மாமா அதில் இரண்டு ஓட்டை போட்டுக் கம்பி கோத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் அப்பா வயலின் நடுவே கம்பம் நட்டு அதை மாட்டினார். டங்! டங்! டங்! குருவிகள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன. அப்பா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"நாளைக்கு நீ ஸ்கூலுக்குப் போம்மா" என்றார்.

எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. ஆனால் அவ்வா தட்டின் கிட்டே போய்ப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அடிப் பாவி! விளிம்புல பேரு பாக்கலையா நீ? 'சங்கவ்வா'ன்னு வெட்டியிருக்கு பாரு!"

சங்கவ்வா அத்தை பக்கத்து வயல்காரர். தீபாவளிக்கு அந்தத் தட்டு நிறைய ஹோளிகே என்கிற போளி வைத்து அனுப்பியிருந்தார். எங்கள் ஊரில் தட்டை வெறுமனே திருப்பித் தரமாட்டோம். அதில் வைக்க எங்களிடம் எதுவும் இல்லாததால், அறுவடை வரட்டும் என்று அவ்வா அதை எடுத்து வைத்திருந்தாள்.

"இப்ப ஓட்டையும் போட்டாச்சு. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் திருப்பிக் கொடுக்கிறது?" என்று அவ்வா புலம்பினாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் போனேன். என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அது சங்கவ்வா அத்தையின் மகள் ஷைலாவின் இடம். மூன்று நாளாகியும் அவள் வரவில்லை. காய்ச்சலோ என்று பார்க்கப் போனேன்.

ஷைலா வீட்டில் இல்லை. அவர்கள் வயலில், பரண்மேல் நின்றுகொண்டிருந்தாள். தொண்டை கட்டிப்போயிருந்தது.

"ஏன்டி ஸ்கூலுக்கு வரலை?"

"எப்படி வர்றது? உங்க வயல்ல கிளம்புற குருவி எல்லாம் எங்க வயலுக்குத்தான் விருந்துக்கு வருது. எங்க அப்பா கோவாவுல வேலை பாக்கிறார். அம்மா கூலிக்குப் போயிருக்காங்க. வேற யாரு நிப்பா?"

"எங்க வயல் சத்தம் இங்க கேக்கலையா?"

"கேக்குது, நாள் பூரா கேக்குது. அது எங்க தட்டுன்னும் தெரியுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் இறங்கிய பரணில் அவளை ஏற்றிவிட்டு, நான் ஜம்மென்று பள்ளிக்கூடம் போயிருக்கிறேன்!

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். "அப்பா, கம்பத்தைப் பிடுங்கி ரெண்டு வயலுக்கும் நடுவுல வரப்புல நடலாம்."

"நட்டா ரெண்டு கோடியிலயும் குருவி பந்தி போட்டு உக்காந்துடும். சத்தம் அவ்வளவு தூரம் போய் மிரட்டாது."

அதுவும் உண்மைதான். நான் வயலுக்குப் போய்த் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு அடிக்கும் தட்டு முன்னும் பின்னும் குதித்தது. அதன் ஓட்டையில் ஒரு கம்பியைக் கட்டி இழுத்துப் பிடித்தேன். என் கையும் சேர்ந்து குதித்தது.

"அப்பா! தட்டே கம்பியை ஆட்டும்! கம்பியில டப்பா கட்டினா அந்தக் கோடியிலயும் சத்தம் வரும்!"

மறுநாள் அப்பா கரும்பு வெட்டப் போகவில்லை. மக்தும் மாமா ஆயில் டப்பாக்களும், கிழிந்த டயர்களை எரித்து எடுத்த கம்பியும் கொடுத்தார். தெருவில் வீட்டுக்கு ஒரு டப்பா கிடைத்தது. ஷைலாவும் நானும் அவற்றில் கூழாங்கல் போட்டோம். கம்பத்தை வரப்புக்கு மாற்றி நட்டு, தட்டிலிருந்து இரண்டு வயல்களின் கோடிவரை கம்பி கட்டி டப்பாக்களைத் தொங்கவிட்டோம்.

உதவிக்குக் கடப்பாரையோடு வந்த சங்கவ்வா அத்தை, கம்பத்தில் தொங்கிய தட்டில் தன் பெயரைப் பார்த்தார். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"வெளிய வாடி கள்ளி! எங்க அண்ணன் கொடுத்த தட்டாச்சே, அதான் அவரு மாதிரியே இந்தக் கத்து கத்துது!" என்று அத்தை சிரித்தார்.

"சங்கவ்வா, வெறும் தட்டா தர மனசு வரலை..." என்று அவ்வா இழுத்தாள்.

"நான் கேட்டேனாடி?" என்று அத்தை அவ்வாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

காற்று வந்தது. டங்! கடகட! டங்! கடகட! இரண்டு வயல் குருவிகளும் எழுந்து முள்காட்டுப் பக்கம் போயின. அதைப் பார்க்கப் பரண்மேல் ஏறியிருந்த ஷைலா குதித்தே இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை தட்டை ஒரு மணி நேரத்துக்குக் கழற்றினோம். அதுவரை ஷைலாவும் நானும் கத்திக் காவல் காத்தோம். அவ்வா தட்டைத் தேய்த்துக் கழுவி, அனலில் வாட்டிய இளஞ்சோளத்தையும் கடலைப் பொடியையும் குவித்து அத்தையிடம் நீட்டினாள்.

அத்தை ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு சோளத்தை முறத்தில் கொட்டிவிட்டு, "அறுவடை வரைக்கும் இது வரப்புலயே இருக்கட்டும். ஆனா நானும் வெறும் தட்டாத் தரமாட்டேனே!" என்றார். உள்ளே போய்த் தேடி, தட்டின் நடுவில் எதையோ வைத்துக் கொண்டுவந்தார்.

பளபளக்கும் புது நட்டும் போல்ட்டும்!

"கம்பம் ஆடுதுன்னு உங்க அப்பா சொன்னார். இறுக்கமா மாட்டச் சொல்லு."

திங்கட்கிழமை வாத்தியார் பின்னம் நடத்தினார். ஷைலா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, அதை இரண்டாகப் பிரித்தார். "ஒரு தட்டு, ரெண்டு வீடு. ஆளுக்கு எவ்வளவு?"

"முழுசு சார்!" என்றோம் இருவரும்.