காதுக்காரி கேட்ட சத்தம்

"மழைக்கோட்டு உங்களுக்கா, கம்ப்யூட்டருக்கா?"

கடை வாசலில் சொட்டச் சொட்ட நின்றவனைப் பார்த்துக் கேட்டாள் அவள். அவன் தொப்பலாக நனைந்திருந்தான். அவன் கையிலிருந்த பெட்டி மட்டும் கோட்டுக்குள் சுகமாக இருந்தது.

"நான் நனைஞ்சா காஞ்சுடுவேன்... இது அப்படியா?"

அவன் இமையிலிருந்து ஒரு துளி உருண்டு விழுந்தது. அப்பா... என்ன கண்கள்! அவள் அவசரமாகப் பெட்டியைப் பார்த்தாள். ரிப்பேர் பார்க்கிறவளுக்குக் கண்களிடம் என்ன வேலை?

அவன் கட்டடங்கள் வடிவமைப்பவன். ஒரு பள்ளிக்கூட நூலகத்துக்கான போட்டிக்கு நாளைக் காலை வரைபடங்களைக் கொடுக்க வேண்டும். எல்லாம் இந்தப் பெட்டிக்குள்தான். வேறு பிரதி கிடையாது.

"ஆன் பண்ணா புள்ளி புள்ளியா சுத்துது... திடீர்னு நீலத் திரை... மறுபடி முதல்லேர்ந்து சுத்துது."

கடைவீதியில் அவளுக்குக் காதுக்காரி என்று பெயர். ஹார்ட் டிஸ்க்கின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. மேசைமேல் பெட்டியை ஆன் செய்து காதை வைத்தாள். டிக்... டிக்...

"டிஸ்க் போயிடுச்சு. விட்டுட்டுப் போங்க, கிடைக்கிறதை எடுத்துத் தரேன். ஒரு வாரம் ஆகும்."

"கழட்டிக்கூடப் பாக்கலையே?"

"என் காது தப்பு பண்ணாது."

"சரிங்க... ஆனா என் நூலகம் ஒரு வாரம் காத்திருக்காதே?"

அவளுக்குச் சுருக்கென்றது. "நம்பிக்கை இல்லேன்னா எதிர்த்தெருவில ஒரு மேதாவி கடை வெச்சிருக்கார். டிஸ்க்கையே பிரிச்சுப் பாப்பார். அங்க போங்க!"

அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. கோட்டை மறுபடி பெட்டிக்கே போர்த்திக்கொண்டு மழையில் இறங்கினான். திரும்பிப் பார்க்கவே கூடாது என்று வைராக்கியமாக நின்றாள்... பார்த்தாள்.

டிக்... டிக்...

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. பெட்டிதான் போய்விட்டதே!

குனிந்து பார்த்தாள். கூரை ஒழுகி, மேசைக்கு அடியில் கிடந்த தகர டப்பாவில் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வேலையாக இருந்த அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்ன, டப்பாவுக்கா வைத்தியம் பாத்தே?"

"சிரிக்காதண்ணா! டிஸ்க் நல்லாத்தான் இருக்கும். அங்க போய்ப் பிரிச்சாங்கன்னா, உள்ள ஒரு தூசி விழுந்தாப் போதும்... அவர் வரைஞ்சது அத்தனையும் போயிடும்!"

"போய்த் தடு. ஆனா அந்த எதிர்த்தெரு ஆள் முன்னாடி உன் தப்பை நீயே சொல்லணும். முடியுமா?"

அதுதானே கஷ்டம்! எதிர்த்தெருக்காரரை அவள் பண்ணாத கிண்டலா? நாளைக்குக் கடைவீதியே சிரிக்கும். சிரிக்கட்டும்... அவள் குடைகூட எடுக்காமல் ஓடினாள்.

அங்கே டிஸ்க் மேசையில் தனியாகக் கிடந்தது. கடைக்காரர் அதன் மூடியில் ஸ்க்ரூடிரைவரை வைத்திருந்தார்.

"திறக்காதீங்க!"

இருவரும் திரும்பினார்கள். அவளுக்கு மூச்சிரைத்தது.

"நான் சொன்னது தப்பு. நான் கேட்டது எங்க கூரை ஒழுகற சத்தம். டிஸ்க்கை நான் சரியாப் பாக்கவே இல்ல."

"அடடே!" கடைக்காரரின் வாயெல்லாம் பல். "காதுக்காரியா இதைச் சொல்றது?"

"நானேதான் சார். ஊரெல்லாம் சொல்லுங்க. இப்ப பெட்டியை ஒழுங்காப் பாக்க விடுங்க."

பெட்டிக்குள் பார்த்தாள். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் கேபிள், பெட்டியின் பக்க மூடி அழுத்தி அழுத்தி மடிப்பில் பாதி விட்டுப்போயிருந்தது. அவ்வளவுதான் கோளாறு. முதலில் டிஸ்க்கைக் கடைக்காரரின் கம்ப்யூட்டரில் மாட்டி, வரைபடங்களுக்கு ஒரு பிரதி எடுத்தாள். பிறகு அவரிடமே ஒரு புதுக் கேபிள் வாங்கிப் போட்டு, அவன் பெட்டியை ஆன் செய்தாள். புள்ளிகள் சுற்றின... சுற்றின... நீலத் திரை வரவில்லை!

திரையில் நூலகம் விரிந்தது. அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"ஜன்னலெல்லாம் ஏன் இவ்வளவு தாழ்வா இருக்கு?"

"சின்னப் பசங்க தரையில உக்காந்து படிச்சாலும் மழை தெரியணும்ல..."

அவள் அந்த ஜன்னல்களை மறுபடி பார்த்தாள். இதையா இழக்கவிருந்தோம்?

"நீங்க பேசாம கடையிலயே இருந்திருக்கலாம்," என்றான் அவன் மெதுவாக. "டிஸ்க் போயிடுச்சுன்னே நான் நம்பியிருப்பேன். யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியுமே."

அவன் அவளையே பார்த்தான். "தப்பைக்கூட இவ்வளவு கம்பீரமா ஒத்துக்க முடியுமா? எனக்கு... உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

கடைக்காரர் கனைத்தார். ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை. அவள் கன்னம் சூடேறியது, ஆனாலும் தலை குனியவில்லை. அந்தக் கண்களை நேராகவே பார்த்தாள்.

"எனக்கும்தான். நாளைக்கு வரைபடத்தைக் குடுத்துட்டு நேரா எங்க கடைக்கு வாங்க, எங்க அண்ணன்கிட்ட அறிமுகம் பண்றேன். ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி."

"தோத்துட்டா அண்ணன்கிட்ட என்னன்னு சொல்லுவீங்க?"

"பாக்கத் தெரியாதவங்க பரிசு குடுக்கறாங்கன்னு சொல்லுவேன்," என்றாள் அவள். "வரைஞ்சது என் ஆளுன்னும் சொல்லுவேன்."