கித்தாவும் கமியும்

ஊர் உலகமெல்லாம் செவிமாற்றியைக் காதில் செருகிக்கொண்டு எந்த மொழிக்காரனோடும் பேசித் தீர்த்த காலத்தில், தாணுமூர்த்தி ஓர் இந்தோனேசிய நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஜாவா கடலில் மிதக்கும் அந்த மின்நிலையத்தில் அவன் ஒருவன்தான் தமிழன். வேலை முடிந்தால் பேச ஆளில்லை. கதையில் வருகிறவர்களாவது பக்கத்தில் இருந்து பேசட்டுமே என்றுதான் அகராதியும் கையுமாக உட்கார்ந்தான்.

செவிமாற்றிக்கு ஒரு சின்னச் சோம்பல் உண்டு. எதிராளியின் முதல் சொல் அசலாகவே காதில் விழும். அதன் பிறகுதான் கருவி விழித்துக்கொண்டு முழு வாக்கியத்தையும் தமிழில் சொல்லும்.

வந்த புதிதில், பக்கத்து மேசை சுலாஸ்திரி தினமும் மதியம் அவனெதிரே வந்து நிற்பாள். "கித்தா..." என்று அவள் குரல். உடனே கருவியின் குரல்: "நாங்கள் மதிய உணவுக்குச் செல்கிறோம்."

போகிறவர்கள் போகவேண்டியதுதானே, இதை என்னிடம் வந்து சொல்வானேன்? அவனுக்குச் சுருக்கென்றிருக்கும். "சரிங்க, போயிட்டு வாங்க" என்பான். அவள் கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டுப் போவாள். அவன் தனியாகச் சாப்பிடுவான்.

நாகர்கோவிலிலிருந்து அக்கா கேட்பாள், "ஏலே, அவனுவ உன்னையக் கூப்பிடவே மாட்டானுவளா?"

"போறோம்னு சொல்லிட்டுப் போவாவ. அவ்வளவுதான்க்கா."

நாவலில் பாதி தாண்டியதும் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டான். மீனவன் ஒருவன் மனைவியிடம், "நாளைக்கு வேறு தீவுக்குக் கிளம்புகிறோம்" என்கிறான். அவள் விழுந்து விழுந்து அழுகிறாள். கிளம்புவதற்கு அழுவானேன்? பக்கங்களைப் பின்னால் புரட்டினான். அதுவரை மனைவியிடம் "கித்தா" என்று பேசியவன், இங்கே "கமி" என்கிறான். கித்தா என்றால் நாம். கமி என்றால் நாங்கள், நீ இல்லாமல்.

தாணுமூர்த்திக்குச் செவிமாற்றியின் நினைவு வந்தது. அது எந்த மொழியையும் ஒரு நடுமொழிக்கு மாற்றித்தான் தமிழுக்குக் கொண்டுவரும். அந்த நடுமொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். வம்பு வேண்டாமென்று அதை எப்போதும் 'நாங்கள்' என்றே சொல்லும்படி அமைத்துவிட்டார்கள். சுலாஸ்திரி அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தினமும் கூப்பிட்டிருக்கிறாள்! அவன்தான் போய்வரச் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

மறுநாள் செவிமாற்றியைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு மதியத்துக்காகக் காத்திருந்தான். இன்று எழுந்து கூடவே போய்விடுவது என்று முடிவு.

சுலாஸ்திரி வந்தாள். நான்கைந்து பேர் வாசலில் நின்றார்கள்.

"கமி மக்கான் துலு, யா."

நாங்கள் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். எப்போது கித்தா கமியானது? அவன் கவனிக்கவே இல்லை.

தாணுமூர்த்தி எழுந்து நின்றான். நாவலில் படித்துப் படித்துப் பழகிய சொல்லை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னான்: "கித்தா?"

அவள் காதில் செவிமாற்றி இருந்தது. தமிழனின் வாயிலிருந்து தமிழ்தான் வரும் என்று அதற்குத் தெரியும். 'கிட்ட' என்று எடுத்துக்கொண்டு, 'அருகிலா?' என்று அவளுக்கு மொழிபெயர்த்தது. அசல் சொல் காதில் விழுந்தும் அவள் கருவியையே நம்பினாள்.

அவள் உணவறைப் பக்கம் கையைக் காட்டிச் சிரித்தாள். "யா, தெக்காட்" என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு நடந்தாள்.

ஆமாம், பக்கத்தில்தான். கருவியின் தயவில்லாமலே அவனுக்குப் புரிந்தது.