கீழ்த்தட்டில் இடம்

மதிய மருந்துத் தட்டோடு கப்பலின் கீழ்த்தட்டு வார்டுக்கு இறங்கிய நர்ஸ் அக்காவிடம், கடைசிக் கட்டிலில் கிடந்த ரொட்டிக்கடைக்காரர் தயங்கித் தயங்கி ஒரு புகார் சொன்னார்.

"யாரோ சுவத்தத் தட்டிக்கிட்டே இருக்காங்கக்கா. கண்ண மூட முடியல."

"பக்கத்து வார்டா இருக்கும்ணே."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தச் சுவருக்கு அப்பால் வார்டு ஏதும் இல்லை. வெறும் கடல்.

காய்ச்சல் பேசுகிறதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

அந்த மருத்துவக் கப்பலில் எல்லாருக்கும் அவள் அக்காதான்; அவளைவிடப் பத்து வயது மூத்த டாக்டருக்கும்கூட. அவள் தூங்கி மூன்று நாளாகிறது. முந்தாநாள் துறைமுகத்தில் குண்டு விழ விழ ஆட்களை ஏற்றினார்கள். கட்டிலெல்லாம் நிரம்பிய பிறகு கடைசியாக ஒரு படகு வந்து ஒட்டியது. தலையில் கட்டுப் போட்டவர்கள், பிள்ளையை மடியில் கிடத்தியிருந்த ஒருத்தி. ஏணியருகே நின்றது அக்காதான். "இடமில்ல, அடுத்த கப்பல் வருது" என்றாள். அப்படி ஒரு கப்பல் வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஏணியைத் தூக்கிவிட்டார்கள். கப்பல் திரும்பிய வேகத்தில் எழும்பிய அலை அந்தப் படகை என்ன செய்தது என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் வேலை கிடந்தது.

வார்டைப் பார்க்க வந்த டாக்டரிடம் தட்டலைப் பற்றிச் சொன்னாள். "ஒரு மணி நேரம் கண்ணசருங்கக்கா. சுவரு எங்கயும் ஓடிப்போயிடாது" என்று சிரித்துவிட்டு டாக்டர் மேலே போனார்.

அவள் போகவில்லை. சுவரோரமாக முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். உடம்பு அடித்துப்போட்டாற்போல் வலித்தது. எஞ்சினின் உறுமல் பாதம் வழியே ஏறி முழங்காலில் நின்றது. பினாயிலும் சீழும் வேர்வையும் கலந்து மூன்று நாளாக மூக்குக்குப் பழகிப்போன வாடைக்குள், நனைந்து ஊறிய துணியின் வாடை ஒன்று புதிதாக, மெல்லப் புகுந்து வந்தது.

டொக். டொக். டொக்.

நோயாளி இருக்கும் வீட்டின் கதவைத் தட்டுவதுபோல, மெதுவாக. கொஞ்சம் பொறுத்து அடுத்த கட்டிலின் பின்னால். அதற்கடுத்து இன்னொன்றின் பின்னால். கடைசியில் அவள் முதுகுக்கு நேரே.

சுவரில் காதை வைத்தாள்.

"இடம் இருக்காக்கா?"

பெண் குரல். கோபமில்லை. களைப்பு மட்டும். தன்னைவிடக் களைத்த ஒரு குரலை அக்கா அன்றுதான் கேட்டாள்.

"புள்ளைக்கு மட்டும் இருந்தாலும் போதும்."

மறுபடியும் இல்லையென்று சொல்ல அவளிடம் தெம்பில்லை.

"இருக்கு" என்றாள். "எல்லாரும் வாங்க."

தட்டல் நின்றது.

ரொட்டிக்கடைக்காரர் அசைந்தார். இரண்டு காலும் இல்லாதவர். கையை ஊன்றி, நகர்ந்து, கட்டிலின் ஓரத்துக்குப் போனார். கண் மூடியே இருந்தது. பக்கத்துக் கட்டில்காரரும் நகர்ந்தார். இரண்டு நாளாக நினைவில்லாமல் கிடந்தவரும். வார்டு முழுக்க. ஒருவர் பின் ஒருவராக, சத்தமில்லாமல், பாதிக் கட்டிலை ஒழித்துக் கொடுத்தார்கள்.

படிக்கட்டில் ஈரக் காலடிகள்.

ஆள் இல்லை. காலடி மட்டும்.

முதல் கட்டிலின் மெத்தை அமுங்கியது. துணி கறுத்து நனைந்தது. அடுத்தது. அடுத்தது. தூக்கத்திலேயே ரொட்டிக்கடைக்காரர் தன் போர்வையின் பாதியை அந்தப் பள்ளத்தின்மேல் இழுத்து மூடினார்.

எல்லாக் கட்டிலும் நிரம்பிவிட்டது. காலடிகள் நிற்கவில்லை. இறங்கி, நடைபாதையில் வந்து, முக்காலியைச் சுற்றி நெருக்கமாக நின்றன.

அக்கா எழுந்துகொள்ளப் பார்த்தாள்.

அவள் மடியில் ஏதோ ஏறி உட்கார்ந்தது. ஐந்து வயதுப் பிள்ளையின் கனம். ஜில்லென்ற ஒரு தலை அவள் நெஞ்சில் சாய்ந்தது. மேல்சட்டை நனையத் தொடங்கியது.