வடிவுக்கு ஒரு நற்சான்று

விண்ணப்பக் காலம் நெருங்க நெருங்க, பன்னிரண்டாம் வகுப்பில் மயங்கி விழுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஜெபசெல்வி டீச்சர் இப்போதெல்லாம் பதறுவதில்லை. விழுந்தவனைச் சுற்றிக்கொண்டு போய் மீதிச் சமன்பாட்டை எழுதுவார். போன வாரம் அஜிலன் வேதியியல் ஆய்வகத்துக்குள் ஓர் ஆட்டுக்குட்டியோடு வந்தான். திட்டினால் இன்னும் ஆழமாகப் பதியும் என்று அவனுக்குத் தெரியும், டீச்சருக்கும் தெரியும். ஆட்டுக்குட்டிக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார்.

எல்லாம் நினைவளவி வந்ததால் வந்த வினை. மதிப்பெண் பட்டியலை நம்பிக் கல்லூரிகள் இடம் கொடுத்த காலம் போய்விட்டது. வீட்டுக்கு வீடு கற்பிக்கும் கருவி வந்தபின் எல்லாப் பிள்ளைகளும் நூற்றுக்கு நூறு. ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களோ ஒரே அச்சு. காப்பியடித்துப் பிடிபட்டவன்கூட அதில் கடின உழைப்பாளி, ஒழுக்கசீலன். கடிதம் பொய் சொல்லும், மூளை சொல்லாது என்று யாரோ ஒரு விஞ்ஞானிக்குத் தோன்றியது. ஆசிரியர் தலையில் பட்டையைக் கட்டி, மாணவர் பெயரைக் காதில் ஒலிக்கவிட்டால் போதும். அந்தப் பெயருக்கு என்னென்ன ஞாபகம் எழுகிறதோ, அதை நினைவளவி எடுத்து நேரே கல்லூரிக்கு அனுப்பிவிடும். அதுதான் நற்சான்று. நியாயமான ஏற்பாடு என்று எல்லோரும் கை தட்டினார்கள். கடிதம் எழுதி எழுதி ஓய்ந்துபோயிருந்த டீச்சரும் தட்டினார்.

சங்கரவடிவு அன்று மதியம்தான் நற்சான்று கேட்டு வந்தாள். அவள் விண்ணப்பித்திருந்தது ஒரே ஒரு கடலியல் கல்லூரிக்கு, கடலைத் தவிர வேறெதையும் படிக்க அவளுக்கு விருப்பமில்லை. மற்ற கல்லூரிகளுக்கு இன்னும் நாள் இருந்தது. அந்தக் கல்லூரிக்கு மட்டும் அன்று மாலையோடு முடிகிறது. முன்பே வந்திருக்கலாமே என்று டீச்சர் கேட்டதற்கு, எப்போது வந்தாலும் உங்களைச் சுற்றிக் கூட்டமாக இருந்தது என்றாள்.

டீச்சர் பட்டையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினார். பெயர் ஒலித்தது. முகம் எதுவும் வரவில்லை. மூன்றாவது பெஞ்சில் ஒரு நிம்மதி இருந்தது, அவ்வளவுதான். வகுப்பின் களேபரத்துக்கு நடுவே கண் போய் ஓய்வெடுத்துவிட்டு வருகிற இடம் அது. இரண்டு வருடமாக ஒரு தொல்லையும் தராத பெண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ள டீச்சருக்கு நேரமே கிடைத்ததில்லை. திரையில் 'பதிவு இல்லை' என்று வந்தது.

வடிவு பயந்துபோய்ப் பேச ஆரம்பித்தாள்.

"உங்களுக்குத் தலை சுத்துனப்ப நாந்தான் டீச்சர் நாற்காலி கொண்டாந்து போட்டேன். அமிலக் குப்பி உடைஞ்சப்ப தரையத் தொடைச்சதும் நாந்தான்."

டீச்சர் கை காட்டித் தடுப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். செய்யவே கூடாத தப்பு அது. அடுத்தவர் வாயால் கேட்பது இரவல் நினைவு. அது மேலே படிந்துவிட்டால், அடியில் நிஜமாகவே ஏதாவது கிடந்தாலும் நினைவளவி ஏற்காது. அந்த நாற்காலி டீச்சருக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் தானாகவே ஞாபகம் வந்திருக்கலாம். இனி வந்தும் பிரயோசனமில்லை.

கல்லூரியின் விண்ணப்ப வாசல் மூடும்வரை முயன்று பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஓர் இரவாவது தூங்கி எழாத நினைவை நினைவளவி எடுக்காது என்பதால் அன்று நடந்ததும் உதவவில்லை. வடிவு அழவில்லை, அழுதால் டீச்சருக்குச் சங்கடம் என்று நினைத்திருப்பாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "பரவாயில்ல டீச்சர். நீங்கதான் பாவம், டீ கூடக் குடிக்காம உக்காந்திருக்கீங்க" என்றாள்.

டீச்சருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த வருஷம் வா. இன்னைக்கு நடந்தது அப்பச் செல்லும். சாகுற வரைக்கும் உன்னய மறக்க மாட்டேன்மா."

வடிவு அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். ஒரு வருடம்தானே, துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

டீச்சர் சொன்னது வெறும் ஆறுதல் இல்லை என்பது மறுநாள் தெரிந்தது. அஜிலனுக்காகப் பட்டை கட்டியபோது ஆட்டுக்குட்டி வரவில்லை. பையை மாட்டிக்கொண்டு வடிவுதான் வந்து நின்றாள். அடுத்த பெயருக்கும் அவளே. மயங்கி விழுந்தவர்கள், மேசை மேல் ஏறிப் பாடியவர்கள், யார் பெயரைச் சொன்னாலும் அவளே வந்து, டீ கூடக் குடிக்காம உக்காந்திருக்கீங்க என்றாள். கடுமையான குற்றவுணர்ச்சி மற்ற நினைவுகளை அமுக்கிவிடும் என்றார் கருவியைப் பார்க்க வந்த பொறியாளர். அதற்கு நினைவு நீக்கம் என்று ஒரு வழி உண்டாம். வலிக்காது, அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடலாம் என்றார்.

தலைமையாசிரியர் தளவாய் நல்ல மனிதர். வெளியே பெற்றோர்கள் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தபோதும் டீச்சரிடம் குரலை உயர்த்தவில்லை.

"ஒரு பிள்ளைக்காக மத்த நாப்பது பிள்ளைகள விட்டுர முடியுமா டீச்சர்? நீங்களே சொல்லுங்க."

நீக்கிய பின்னும் வடிவை எப்படியாவது வைத்துக்கொள்ள டீச்சர் எல்லா வழியும் யோசித்தார். எழுதி வைத்துக்கொண்டால் அது இரவல். தளவாயிடம் சொல்லி வைத்தால் அதுவும் இரவல். வடிவிடமாவது சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தார், என்ன சொல்வது என்று தெரியாமல் கீழே வைத்தார். தள்ளிப்போட முடிந்தவரை தள்ளிப்போட்டார். பெற்றோர்கள் வீட்டுக்கே வர ஆரம்பித்தபின் அவருக்கு எதிர்த்து நிற்கத் தெம்பு இல்லை. சரி என்றார்.

அதன்பிறகு ஆட்டுக்குட்டி மயிர் மயிராகத் துல்லியமாக வந்தது. நாற்பது பிள்ளைகளுக்கும் நற்சான்று போய்ச் சேர்ந்தது. டீச்சர் வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

மறு வருடம் விண்ணப்பம் திறந்த முதல் நாளே வடிவு வந்துவிட்டாள். துணிக்கடைச் சீருடையில், கையில் ஒரு பொட்டலம் கடலைமிட்டாயோடு. காத்து நின்ற பிள்ளைகளைத் தாண்டி, பிறந்ததிலிருந்து எதிலும் முந்திக்கொண்டு போகாத அந்தப் பெண், நேரே மேசைக்கு வந்து நின்று உரிமையோடு சிரித்தாள்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். மயக்கம் போய், ஆடு போய், இந்த வருடம் இப்படிக் கிளம்பிவிட்டார்களா என்று சலிப்பாக இருந்தது.

"வரிசையில வாம்மா" என்றார். "உன் பேரென்ன?"