சக்கரத்துக்கு வைத்த கல்

பாகூர் ஏரிக்கரை மேட்டில் லாரி நின்றபோது மணி நாலுதான். ஆனாலும் ஐப்பசி மேகம் ஏரி முழுக்கக் கவிழ்ந்து வெளிச்சத்தைத் தின்றிருந்தது. டிரைவர் இருசப்பன் இரண்டு முறை முடுக்கிப் பார்த்தான். இன்ஜின் முக்கியது, இருமியது, அடங்கிவிட்டது.

பின்னால் வைக்கோல் பரப்பிய தட்டில் கிளீனர் வீரப்பனின் பெண்டாட்டி காசம்மாள் பிரசவ வலியில் கிடந்தாள். பிள்ளை குறுக்கே திரும்பிவிட்டது, புதுச்சேரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனால்தான் இரண்டு உயிரும் தங்கும் என்று சொன்ன மருத்துவச்சி தையலம்மாள் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"வீரப்பா, கல்லு வை," என்று சொல்லிவிட்டு இறங்கினான் இருசப்பன்.

மேட்டில் வண்டி நின்றால் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பது கிளீனர் வேலை. அது முடியாமல் எவனும் ஸ்பேனரைத் தொடமாட்டான். போன மழைக்கு இதே லாரி இதே மேட்டில் பின்னால் உருண்டு, பழைய டிரைவர் மரியதாசையும் இழுத்துக்கொண்டு ஏரிக்குள் போனது. குடித்திருந்தான் என்றது ஊர். முதலாளி மாடு கட்டி லாரியை வெளியே இழுத்தார், இன்ஜினைப் பிரித்துக் காயவைத்தார், ஆள் தேடினார். பாகூரில் ஒருத்தனும் வரவில்லை. வில்லியனூரிலிருந்து இருசப்பன் வந்தான். "மரியதாசு வந்தா வரட்டும், கிளீனரா வெச்சிக்கறேன்," என்று முதல் நாளே வாயைக் கொடுத்தவன் அவன்.

டேங்கில் டீசல் பாதிக்கு மேல் இருந்தது. பைப் நட்டெல்லாம் இறுக்கமாக இருந்தன. இன்ஜினுக்கு டீசல் ஏற்றும் கைபம்பை அடித்தான். முரண்டு பிடிக்க வேண்டிய பிடி தொளதொளவென்று போய் வந்தது. லைனில் அழுத்தமே இல்லை. ஏர் புகுந்திருக்கிறது. ஒரு குமிழி போதும், டீசல் இன்ஜினைப் படுக்கப்போட. பில்டர் மேலிருக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுப் பம்பை அடித்தால் நுரை போய், டீசல் தெளிவாக வரும். நூறு தடவை செய்த வேலைதான்.

நுரை வந்தது. அடித்தான். நின்றது. திருகை இறுக்கப் போனான், மறுபடி வந்தது.

டீசல் வாடை இல்லை. ஏரிச் சேற்று வாடை.

குமிழிகள் ஒழுங்காக வந்தன. ஒன்று பெரிதாக வரும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. அப்புறம் இன்னொன்று. இருசப்பன் தன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டான். தூங்குகிறவன் மூச்சுவிடுவது போலவே இருந்தது.

லாரி ஒரு சாண் பின்னால் நகர்ந்தது.

கைபிரேக் இழுத்திருந்தது. கியரும் விழுந்திருந்தது.

"கல்லு வெச்சியாடா?"

"வெச்சேண்ணே. என் கையால வெச்சேன்."

கல் நாலடி தள்ளிக் கிடந்தது. மழை இன்னும் தொடங்கவில்லை. கல் மட்டும் நனைந்திருந்தது. வீரப்பன் ஓடிப்போய் எடுத்து வந்து மறுபடி வைத்தான். இருசப்பன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பம்புக்குத் திரும்பினான்.

இரண்டே அடி அடித்திருப்பான்.

லாரி நகர்ந்தது.

வீரப்பன் ஈரக் கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"அன்னிக்கு நான் கல்லு வெக்கலண்ணே," என்று கிசுகிசுத்தான். "பீடி பத்த வெச்சிக்கினு இருந்தேன். வெச்சியான்னு கேட்டாரு. வெச்சிட்டேன்னு சொன்னேன். என்ன நம்பி அடியில பூந்தாரு. அவரு குடிக்கலண்ணே. போலீசுல நான்தான் அப்டி சொல்லிட்டேன்."

இருசப்பனுக்குப் பயத்தைவிட ஆத்திரம் வந்தது. மரியதாசின் பெண்டாட்டி பவுனம்மாளை இந்த ஒரு வருஷமாகக் குடிகாரன் பெண்டாட்டி என்றுதான் ஊர் கூப்பிடுகிறது.

பின்னால் வளைவு. வளைவுக்கு அப்பால் ஏரி, நிறைந்து, அசையாமல். சக்கரத்துக்கும் அதற்கும் நடுவில் மூன்று முழம் இருந்தால் அதிகம்.

தட்டின் பலகையைப் பிடித்துக்கொண்டு காசம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். அத்தனையும் அவள் காதில் விழுந்திருந்தது. புருஷனை அவள் பார்க்கவில்லை. ஏரியைப் பார்த்தாள்.

"மரியதாசண்ணே. பொய் சொன்னது இந்த ஆளு. நாளைக்கி பவுனம்மா கால்ல வுழுவான், போலீசுலயும் உள்ளத சொல்லுவான். சொல்லலன்னா நானே இங்க இட்டாந்து தள்ளறேன். ஆனா எம் புள்ளைய நீ தொடக்கூடாது. அது இன்னா பண்ணிச்சு உன்ன?"

தையலம்மாள் பதறி அவள் வாயைப் பொத்தினாள். அந்தக் கையைத் தட்டிவிட்டாள் காசம்மாள்.

"சும்மா இரு அத்த. பயப்பட எனக்கு நேரமில்ல." மறுபடி ஏரிப் பக்கம் திரும்பினாள். "வேல தெரிஞ்ச ஆளுதான நீ? பம்ப அடி."

வீரப்பன் கல்லைக் கீழே போட்டான். சக்கரத்தடியில் போய் உட்கார்ந்து, கல்லுக்குப் பதிலாகத் தன் முதுகைக் கொடுத்தான்.

லாரி நின்றது.

இருசப்பன் ஒரு கையால் திருகைத் தளர்த்தினான். இன்னொரு கையைப் பம்புக்குக் கொண்டுபோனான்.

பிடி தானாகவே இறங்கியது.

ஏறியது. இறங்கியது. அவசரமில்லாத, பழகின கையின் அடி. பிடியில் நாலு ஈர விரல் தெரிந்தது.

ஓடியிருக்கலாம். அவன் ஓடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "அடிப்பா, நிறுத்தாத," என்றான். நுரை மெலிந்து, டீசல் தேன் நிறத்தில் தெளிவாக வழிந்தது. திருகை இறுக்கினான். முதல் முடுக்கிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

விளக்கு வைக்கும் நேரத்தில் பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் வீரப்பன் தெருவே பார்க்கப் பவுனம்மாள் காலில் விழுந்தான், அங்கிருந்து நேரே போலீசுக்குப் போனான். அவர்கள் அவனை உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

"அந்த ரோடு வேணாம்பா, சுத்திப் போ," என்றார் முதலாளி.

"அதே ரோட்லதான் போவேன்," என்றான் இருசப்பன்.

மறுவாரம் கரும்பு ஏற்றிக்கொண்டு தனியாகப் போனான். நல்ல வெயில். ஓடிக்கொண்டிருந்த வண்டியை மேட்டில் வேண்டுமென்றே நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான்.

"கல்லு வெச்சியா?" வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது. கிளீனர் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

பின்னால் மண்ணில் ஏதோ கனமாக நறநறத்தது.

போய்ப் பார்த்தான். பின்சக்கரத்தடியில் கல் இருந்தது. அதிலிருந்து ஏரித் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.