தட்டாத ஊர்

கோரின் படுக்கையறைச் சுவரை விரல் முட்டியால் மூன்று முறை தட்டினாள். சுவர் சற்று நேரம் கழித்துத் திருப்பித் தட்டியது.

தண்ணீர்க் குழாயாக இருக்கும். கூரைத் தொட்டி நிரம்பும்போது குழாய்கள் உதறிக்கொள்வதை இந்த எக்வடோர் கடற்கரையில் பார்த்த எல்லா வீடுகளிலும் அவள் கேட்டிருக்கிறாள். அன்று தண்ணீர் லாரி வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததை மனத்தின் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு அடுத்த சுவருக்குப் போனாள்.

“என்ன சொல்லுது, இன்ஸ்பெக்டர்?” கட்டிலில் சாய்ந்திருந்த அவள் கணவன் வேய்ன் கேட்டான்.

“கெட்டியா இருக்கு.”

“சுவரா, நீயா?”

“ரெண்டும்தான். கால தொங்கப் போடாத, வீங்கிடும்.”

பூமி நடுங்கும் கரையில் வீடு தேடி வருகிற வெளிநாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடும். கையெழுத்துப் போடுவதற்கு முன் சுவரைத் தட்டு. வெற்றொலி வந்தால் கட்டியவன் சிமெண்டில் கை வைத்திருக்கிறான், திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்துவிடு. பல வருடம் முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட ஒரு கனடாக்காரர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது இது. கடலைப் பார்த்த அடுக்குமாடியை ஒரு கீறலுக்காக அவள் வேண்டாம் என்றிருந்தாள். ஆற்று முகத்துவாரத்தில் இருந்த மரவீட்டை, அலை வந்தால் ஓட வழியில்லை என்று விட்டுவிட்டாள். வேய்னால் ஓட முடியாது. பார்க்கின்சன் நோய் அவன் வலது கையில் தொடங்கி இப்போது காலுக்கும் வந்திருந்தது. பனியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட பிறகு, சொந்த ஊரில் இருந்த வீட்டை விற்று, பனியே இல்லாத இடமாக அவனைக் கொண்டுவந்திருந்தாள். இன்னொரு முறை இடம் மாற அவன் உடம்பு இடம் கொடுக்காது. இனி ஒரே ஒரு வீடுதான். அதை அவள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

“நீ எங்க சொல்றியோ அங்க,” என்று அவன் எப்போதும் சொல்வான். அந்த வார்த்தை அவளுக்குப் பெருமையாக இருந்த காலமும் உண்டு. இப்போது அது முதுகில் ஏற்றிய மூட்டையைப் போல இருந்தது.

கரிசால் ஊரின் மேட்டில் இருந்த இந்த வீட்டில் படிகள் இல்லை. அலை எட்டாத உயரம். ஒரே தளம், கனமில்லாத கூரை, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவுகள், அடியில் பாறை. சாவி வைத்திருந்த நார்சிசா, ஒரு மாதம் இருந்து பாருங்கள், பிறகு பத்திரம் எழுதிக்கொள்ளலாம் என்றாள். கோரின் முதல் நாளே எல்லாச் சுவர்களையும் தட்டிப் பார்த்துவிட்டாள். தரையையும்.

ஒன்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை. தேக்கில் இழைத்த அழகான வாசல் கதவை யாரும் தட்டவில்லை. காஸ் சிலிண்டர்காரன் வெளி கேட்டின் அருகே நின்று கைதட்டினான். வாழைக்காய் விற்கிறவளும் கைதட்டினாள். நார்சிசா கதவு திறந்திருந்தாலும் வெயிலில் நின்று கைதட்டிவிட்டு, “மகாராணி, வரலாமா?” என்று கூவுவாள். மரியாதை தெரிந்த ஊர் என்று கோரின் நினைத்துக்கொண்டாள்.

மதியங்களில் ஊர் முழுதும் உறங்கும். கடைகள் கதவடைத்து, நாய்கள் நிழலில் சுருண்டு, கீழே கடல்கூடத் தூரத்தில் யாரோ துணி அலசுவதுபோலத் தணிந்துவிடும் அந்த நேரத்தில், வறுத்த வாழைக்காயின் எண்ணெய் வாசனையும் உப்புக் காற்றும் கலந்து ஜன்னல் வழியே வந்து கொசுவலையை மெல்ல ஊதிவிட்டுப் போகும். வேய்ன் கட்டிலில் கண்மூடிக் கிடப்பான். அவள் அடுத்த அறையில் படுத்திருப்பாள். அவன் நடுங்கும் கை கட்டில் சட்டத்தில் டக்டக்கென்று இடித்துக்கொண்டே இருப்பதால் தூக்கம் கெடுகிறது என்று காரணம் சொல்லிப் பழைய வீட்டிலேயே தனி அறைக்கு மாறிவிட்டாள். அந்தக் கையைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது என்பதே உண்மை. பிடித்தால் கூண்டுக்குள் அகப்பட்ட பறவைபோல உதறும். பிடித்திருப்பது யார் என்றே அந்தக் கைக்குத் தெரியவில்லை என்று தோன்றும். அதனால் மாத்திரை கொடுத்தாள், பொத்தான் போட்டுவிட்டாள், நகம் வெட்டிவிட்டாள். கையை மட்டும் பிடிக்காமல் இருந்தாள்.

அந்த மதியங்களில்தான் சத்தம் வந்தது. முதலில் சுவருக்குள், எங்கோ ஒரு கூழாங்கல் இன்னொன்றின் மேல் விழுவதுபோல. பிறகு தரைக்கடியில். ஒன்று, இடைவெளி, மறுபடி ஒன்று. குழாய்க்கு இப்படிக் காத்திருக்கத் தெரியாது. இந்தச் சத்தத்தில் ஒரு பொறுமை இருந்தது, ஒவ்வொரு தட்டலுக்குப் பிறகும் யாரோ தலையைச் சாய்த்துக் காது கொடுப்பதுபோல. நாளுக்கு நாள் அது வேகமெடுத்தது. அவளுக்கு மட்டும்தான் கேட்கிறதா என்று வேய்னிடம் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்றிருந்தது.

பத்திரம் எழுத வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலை, நார்சிசாவின் கடைக்கு மீன் சூப் வாங்கப் போனாள். மேட்டுச் சாலை திரும்பும் வளைவில் தகரக் கொட்டகை. சூரை மீனும் வெங்காயமும் கொதிக்கிற ஆவி, எலுமிச்சை, கரி அடுப்பு, வானொலியில் உரத்த பாட்டு. மீன்பிடிப் படகிலிருந்து வந்தவர்கள் நான்கைந்து பேர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நார்சிசா முதுகைக் காட்டி நின்றிருந்தாள். அவளைக் கூப்பிட கோரின் மரப்பலகையை முட்டியால் தட்டினாள்.

கரண்டிகள் நின்றன.

யாரோ வானொலியை அணைத்தார்கள். கோடியில் உட்கார்ந்திருந்த கிழவர் முஷ்டியை மடக்கித் தலைக்கு மேலே தூக்கினார். உடனே மற்றவர்களும் தூக்கினார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. வாயில் இருந்ததை மெல்லாமலே வைத்திருந்தான் ஒருவன். அடுப்பில் சூப் கொதிக்கும் ஒலி மட்டும்.

கிழவர் மெதுவாகக் கையை இறக்கியதும் நார்சிசா ஓடி வந்து கோரினின் கையைப் பலகையிலிருந்து எடுத்து, சூடு பட்ட குழந்தையின் கையைப்போல இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

“இங்க யாரும் தட்ட மாட்டோம், மகாராணி. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லலியா?”

“கைதட்டறது உங்க பழக்கம்னு நெனச்சேன்.”

“பழக்கம்தான். பெரிய பூமி நடுக்கத்துக்கு அப்புறம் வந்த பழக்கம்.” கொட்டகைக்கு வெளியே அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினாள். “கீழ கடைத்தெருவுல நாலு மாடி ஓட்டல் ஒண்ணு இருந்துச்சு. விழுந்தப்ப உள்ள அவ்வளவு பேரு. ஒருத்தர் கைய தூக்கினா எல்லாரும் மூச்சப் புடிச்சிட்டு நிப்போம். கீழேருந்து தட்டுவாங்க. நாங்க மேலேருந்து கல்லால தட்டுவோம். தட்டினா என்ன அர்த்தம்? கேட்டுடுச்சு, வந்துட்டே இருக்கோம், தைரியமா இருன்னு அர்த்தம். என் தங்கச்சி புருஷன் கை கிழிஞ்சு ரத்தம் ஒழுகற வரைக்கும் தட்டினான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. நோய் பரவும், சுத்தம் பண்ணுன்னு மேலேருந்து உத்தரவு. மிஷின் வந்துச்சு.” அவள் இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். “அது அள்ளுறப்பவும் தட்டிக்கிட்டுத்தான் இருந்தாங்க.”

“அள்ளினத எங்க கொட்டினாங்க?”

“மேடு தானா சமமாகிடுமா? வீடு கட்டணும்னா பள்ளத்த நிரப்பித்தானே ஆகணும்.”

“பாறைன்னு சொன்னீங்க.”

“பாதி பாறை.” நார்சிசா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “பயப்படாதீங்க. முன்னாடி குடியிருந்தவங்க நல்லாத்தான் இருந்தாங்க. நம்ம சும்மா இருந்தா அவங்களும் சும்மா இருப்பாங்க. தட்டினாத்தான் யாரோ வந்துட்டாங்கன்னு முழிச்சுப்பாங்க. நீங்க ஒண்ணும் தட்டலல்ல?”

“இல்ல,” என்றாள் கோரின்.

சூப்பை வாங்காமலே மேடேறினாள். தான் தட்டியது முதல் நாள் மட்டும்தான். அதையே பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு நாள். அதோடு நிறுத்தியாயிற்று. பிறகு ஏன் சத்தம் ஓயவில்லை? ஏன் வேகமெடுத்தது? வெயில் ஏறியிருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் குளிர்ந்த சிமெண்ட் வாசனை மூக்கில் அடித்தது, புதிதாய் இடித்த சுவரின் வாசனை. வேய்ன் சுவரை ஒட்டிக் கண்மூடிப் படுத்திருந்தான். வலது கை சுவரில் சாய்ந்திருந்தது.

டக். டக். டக். டக்.

கை நடுங்கிக்கொண்டிருந்தது. முட்டி எலும்பு சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மதியமும், ஒவ்வொரு இரவும், அவள் அடுத்த அறையில் காதைத் தலையணையால் மூடிக்கொண்டு படுத்திருந்த நேரமெல்லாம், அவன் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். கேட்டுடுச்சு. வந்துட்டே இருக்கோம். தைரியமா இரு.

சுவருக்குள்ளிருந்து பதில் வந்தது. ஒரு இடத்திலிருந்து அல்ல.

“எழுந்திரு, வேய்ன். கெளம்பறோம்.”

“நாளைக்குத்தானே எழுதப் போறோம்?”

“எழுதல. இந்த வீடு வேண்டாம்.”

“நீ எங்க சொல்றியோ அங்க,” என்றான். ஆனால் இந்த முறை அதில் ஒரு வருத்தம் இருந்தது, நன்றாகப் பழகிவிட்ட அண்டை வீட்டை விட்டுப் போகிறவனின் வருத்தம்.

போனில் கேட்டதற்கு, மாகாணத் தலைநகரிலிருந்து கார் வரப் பொழுது சாயும் என்றார்கள். அவனை அறையின் நடுவே பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்து, வலது கைக்கடியில் தலையணை வைத்தாள். எதிலும் படக் கூடாது. எதிலும். வாசலை முழுதாகத் திறந்து வைத்தாள். ஆரஞ்சு நிற வெளிச்சம் தரையில் நீளமாக விழுந்து மெல்லச் சாம்பலாகியது. துணிகளைப் பெட்டியில் திணித்தாள். கீழே சத்தம் இடைவெளி இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அதில் இப்போது பொறுமை இல்லை. கல்லால் தட்டுகிறவர்கள், கையால் தட்டுகிறவர்கள், நகத்தால் பிறாண்டுகிறவர்கள். ஏன் தட்டல் நின்றுவிட்டது, எங்கே போய்விட்டாய் என்று கேட்பதுபோல. அவள் குளியலறைக்குப் போய் மாத்திரைகளை வாரிப் பையில் போட்டாள். கண்ணாடி அலமாரிக் கதவு அதிர்ந்தது.

பிறகு எல்லாம் நின்றது.

அந்த அமைதியில் வேய்னின் குரல் கேட்டது. யாரிடமோ தணிந்து பேசிக்கொண்டிருந்தான். அழுகிற குழந்தையிடம் பேசுவதுபோல.

“சரி, சரி. இங்கதான் இருக்கேன்.”

ஓடினாள்.

நாற்காலி காலியாக இருந்தது. அவன் தரையில் குப்புறப் படுத்திருந்தான். ஒரு தரை ஓடு இரண்டாகப் பிளந்து மேலே தூக்கியிருந்தது. அந்தப் பிளவுக்குள் வலது கை முழங்கைவரை போயிருந்தது. கன்னத்தைத் தரையில் வைத்து அவளைப் பார்த்துச் சிரித்தான். வருடக்கணக்காக அவள் பார்க்காத முகம். தளர்ந்த, நிம்மதியான முகம்.

“கோரி, பாரு. நடுக்கம் நின்னுடுச்சு.”

“கைய எடு.”

“புடிச்சிருக்காங்க.”

“வேய்ன், கைய வெளிய எடு!”

“எவ்வளவு கெட்டியாப் புடிச்சிருக்காங்க தெரியுமா? நான் விட்டுடுவேனோன்னு பயம், பாவம்.” கண்ணோரம் நீர் நின்றது. “ஒருத்தரும் இப்படிப் புடிச்சதில்ல, கோரி.”

அவள் மண்டியிட்டு அவன் தோளைக் கட்டிக்கொண்டு இழுத்தாள். கை சற்று மேலே வந்தது. உடனே கனத்தது. ஒருவரின் கனம் அல்ல. ஒருவரைப் பிடித்து இன்னொருவர், அவரைப் பிடித்து மற்றொருவர் என்று எங்கோ ஆழத்தில் தொடங்கி வருகிற கனம். அது அவனைக் கீழே இழுக்கவில்லை. அவனைப் பிடித்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

வெளியே கார் வந்து ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. அவள் கத்த வாயைத் திறந்தாள். சிமெண்ட் தூசி. இருமல் மட்டும் வந்தது.

“இந்த வீட்டையே எடுத்துக்கலாம்,” என்றான் வேய்ன். ஏறுகிறவர்களின் கனத்தில் அவன் தோள் தரையைத் தொட்டது.

அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஓடு உயர்ந்தது. அதன் விளிம்பில் விரல்கள். சாம்பல் பூசிய, நகமில்லாத நான்கு விரல்கள். அவை காற்றைத் துழாவின. வழுவழுப்பான தரையை மெல்லத் தடவிப் பார்த்தன. பிறகு மடங்கி, தட்டின.

இந்த முறை சத்தம் தரைக்கு மேலே இருந்து வந்தது.