எழுந்து நிற்காத மத்தளக்காரன்

வெள்ளாற்றின் மேல் நிலவு ஏறிக்கொண்டிருந்தது. மேற்கு வானத்தின் செம்மை இன்னும் கரையாத அந்த அந்தி வேளையில், கொற்றங்குடிக் கோட்டையின் பெருமண்டபத்து விளக்குகள் ஆற்று நீரில் பொற்கோடுகளாக நெளிந்தன. நெடுநாள் பகையை முடிக்க, மழநாட்டுத் தூதுவர் தம் பரிவாரத்துடன் வந்திருந்தார்.

அன்புள்ள வாசகர்களே! மண்டபத்தின் கண்களெல்லாம் சிற்றரசர் நன்மாறவேளின் மீதும், அவரருகே வீற்றிருந்த மூத்த மகள் அனுபமையின் மீதும் பதிந்திருக்கட்டும். நாம் வடகோடித் தூணின் பின்புறம் செல்வோம். அங்கேதான் இளைய மகள் பூதிநங்கை முத்துச்சரம்கூட அணியாமல் சாய்ந்திருந்தாள். அவளை யாரும் ஒதுக்கவில்லை. கூட்டங்களில் எவர் பார்வையிலும் படாதிருப்பது அவளுக்கு வெயிலில் நடந்து வந்து ஆற்றில் கழுத்தளவு அமிழ்வதைப் போன்ற சுகம். யாருக்காகவும் புன்னகைக்க வேண்டாம். விருப்பம்போல் பார்க்கலாம், கேட்கலாம்.

தூதுவர் தம் அரசர் விடங்க மழவரையரின் புகழ்மொழியை ஓதத் தொடங்கினார். அப்புகழ் ஒலிக்கையில் மழநாட்டார் அனைவரும் எழுந்து நிற்பது வழக்கம். மரியாதைக்காக நன்மாறவேளும் எழுந்தார், அவையே எழுந்தது. தூணருகே மத்தளத்துடன் அமர்ந்திருந்த மழநாட்டு வாலிபன் ஒருவன் மட்டும் அசையாமல் இருந்தான்.

நங்கை குனிந்து மெல்லக் கேட்டாள்: "கால் மரத்துவிட்டதா, மத்தளக்காரரே?"

"ஆமாம் பெண்ணே, வழி நெடுக நடை."

"உங்கள் நாட்டில் நொண்டியும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுவானாமே! அந்தப் புகழைக் கேட்டு எழுந்து பழகாதவர் ஒரே ஒருவர்தான் இருக்க முடியும்."

வாலிபனின் கை இடைக் கச்சையை நாடியது.

"கத்தி வேண்டாம், மழவரையரே! நான் ஒரு குரல் கொடுத்தால் தாங்கள் இந்த மண்டபத்தைத் தாண்ட மாட்டீர்கள்."

மழவரையர் நீண்ட மூச்சு விட்டார். "கொடுத்துவிடு. ஆனால் நான் திரும்பாவிட்டால், அக்கரை நாணலில் மறைந்திருக்கும் என் படை விடிவதற்குள் இக்கோட்டையை எரித்துவிடும். என் தந்தையும் இப்படியொரு சமாதான விருந்துக்குப் போனவர்தான். உடல்தான் திரும்பி வந்தது. இங்கும் வஞ்சகம் இருக்கிறதா என்று பார்க்கவே வந்தேன்."

"இல்லை."

"பணிப்பெண்ணுக்கு எப்படித் தெரியும்?"

"நான் இருப்பது நினைவில்லாமல் எல்லோரும் என் எதிரிலேயே பேசுவார்கள். நேற்று அமைச்சரும் சேனாபதியும், தங்கள் தூதுவருக்குச் சிவப்புப் பட்டா, பச்சைப் பட்டா என்று அரை நாழிகை சண்டையிட்டார்கள். கொல்லப்படப் போகிறவனுக்காகப் பட்டின் நிறத்தில் யார் சண்டையிடுவார்கள்?"

தம்மை மறந்து சிரித்த மழவரையர், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"சிரித்தது போதும். என் தந்தையார் சமாதானத் தாம்பூலம் நீட்டப் போகிறார். அதைத் தங்கள் தூதுவர் வாங்குமுன், தங்கள் படை இந்த ஆற்றைத் தாண்டாதென்று எனக்கொரு வாக்கு வேண்டும்."

"தந்தையாரா?" அவர் பதறி எழப் போனார். "இளவரசியாரே! தாங்கள் இந்த மூலையில்..."

"உட்காருங்கள்! இப்போது எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். மூலைக்கு என்ன குறை? எனக்கு இதுதான் வசதி."

மழவரையர் மீண்டும் அமர்ந்தார். பிறகு தூணடியிலிருந்த விளக்கின் சுடர்மீது வலது உள்ளங்கையை வைத்தார்.

"மழநாட்டுக் குதிரை ஒன்றின் குளம்பும் போருக்காக இந்த ஆற்றைத் தாண்டாது. தாண்டினால் இந்நெருப்பு என் குலத்தையே தின்னட்டும்!"

சுடர் தோலைத் தீய்த்தது. சொல் முடியும் வரை அவர் கையை எடுக்கவில்லை.

அதே கணத்தில் தூதுவர் இரு கைகளாலும் தாம்பூலத்தைப் பெற்றுக்கொள்ள, மண்டபம் ஆரவாரித்தது. நங்கை அருகிலிருந்த கிண்ணத்திலிருந்து குளிர்ந்த சந்தனத்தை எடுத்து, மழவரையரின் உள்ளங்கையில் மெதுவாகப் பூசினாள்.

அதை ஒருவரும் பார்க்கவில்லை.